கத்தரி இல்லாத தோலாட்கள்

உப்பு விளைகிற ஊரில் வேறு எது விளைந்தாலும் யாரும் வாயைப் பிளப்பதில்லை. அதனால்தான், சித்திரை முடியப்போகிற அந்தச் செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி டீக்குச் செங்காணிவிளை உப்பளத்துக்காரர்கள் எல்லாரும் ஓலைக் கொட்டகைக்குள் வந்து குந்திய நேரத்தில், சங்கத் தலைவர் தர்மக்கண்ணின் வலது முழங்கைக்குக் கீழே தோலைத் திறந்துகொண்டு எட்டுப் பேர் வெளியே வந்து வரிசையாக நின்றபோது, அவர் முதலில் செய்த காரியம் டீ கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டதுதான்.

ஆளுக்கு அரைக் கடுகு உயரம் இருப்பார்கள். எறும்பாக்கும் என்று நினைத்து அவர் ஊதினார். எட்டுப் பேரும் ஆளுக்கொரு மயிரைப் பிடித்துத் தொங்கினார்கள். ஊதி முடித்ததும் இறங்கி, வேட்டியை உதறுகிற மாதிரி உடம்பை உதறிக்கொண்டு, வேலையைத் தொடங்கினார்கள்.

"ஏ சந்தனக்கனி, இங்க வந்து பாரு. என் கையில சின்ன ஆளுவ நிக்காவ."

"உங்க கையில மட்டுமா அண்ணாச்சி? என் கையிலயும்தான் நிக்காவ. டீ ஆறுது, குடிங்க."

சந்தனக்கனி இருபத்தாறு வருசமாகப் பாத்தியில் உப்பு வாருகிறவள். அவள் தன் கையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரி கோலம் போடுவதைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். அவர்கள் தோலுக்குள்ளிருந்து ஓர் ஏணியை இழுத்து வெளியே போட்டார்கள். சிலந்தி நூலை நூறாகக் கிழித்தால் வருகிற மெல்லிசு, பிழிந்த துணிபோல நெடுக முறுக்கு, இரண்டு பக்கமும் பாதிப் பாதிப் படி, இந்தப் பாதியும் அந்தப் பாதியும் நடுவில் கைகோத்தால் ஒரு முழுப் படி. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு காலால் தடவித் தடவி அதன்மேல் நடந்தான். வெயில் குத்திய இடத்தில், ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பாதிப் படிகள் எதிர்ப்பக்கத்தின் கையை விட்டுவிட்டு, ஈர அப்பளம் இரண்டு சேர்ந்து காய்ந்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்த மேட்டில் கால் தட்டியதும் அவன் நின்று, "ஓய்!" என்று ஒரு சத்தம் கொடுத்தான். கத்தரிக்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்து, ஒருவன் அந்தப் பக்கமும் ஒருவன் இந்தப் பக்கமும் வெட்டிக் கெட்ட துண்டைத் தூக்கி எறிந்தார்கள். பிறகு ஒருத்தி வந்து, கெடாமல் இருக்கிற எதிர்ப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, இதற்கு இது, அதற்கு அது என்று புதுப் படிகளைச் செருகினாள். கடைசி ஆள் எச்சிலைத் தொட்டு ஓரத்தை ஒட்டினான். ஏணி உள்ளே போனது. அடுத்த ஏணி வெளியே வந்தது.

"கெட்டது ரெண்டு படி. வெட்டி எறிஞ்சது இருபத்தேழு. நான் எண்ணிட்டேன்" என்றார் டீக்கடைக் கொம்பையா. "வீண் வேலைல்லா இது?"

"பாத்தியில ஒரு மூலை கெட்டுப்போனா அந்த மூலைய மட்டுமா வே சுரண்டுதோம்? சுத்தி நாலு முழம் சேத்துச் சுரண்டத்தான செய்தோம்? வேலை தெரிஞ்ச ஆளுவ வே இவிய. உமக்கென்ன தெரியும், டீயில தண்ணி ஊத்தத்தான் தெரியும்" என்றார் தர்மக்கண்.

எல்லாரும் சிரித்தார்கள். சந்தனக்கனி சிரிக்கவில்லை. அவள் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு, உச்சி வெயிலில் வீட்டைப் பார்த்து ஓடத் தொடங்கியிருந்தாள்.

அவளுடைய வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் பலகை அடித்து மூடியிருக்கும். கதவுக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் இன்னொரு திரை, அதற்கும் பின்னால், குண்டு பல்பு வெளிச்சத்தில், தையல் மெஷினுக்கு முன்னால் பூரணம் உட்கார்ந்திருப்பாள். அளத்துக்காரர்கள் உப்பில் கால் வெடிக்காமல் இருக்க மாட்டிக்கொள்கிற துணி உறைகளை ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவள் அவள்தான். வயது பதினேழு. ஊரிலிருக்கிற அத்தனை காலின் அளவும் அவளுக்குத் தெரியும். ஊரின் பகலைத்தான் தெரியாது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு வெயில் ஆகாது. அரை நாழிகை பட்டால் கொப்புளம், கொப்புளம் ஆறினால் கறுப்புப் புள்ளி, புள்ளி விட்டால் ஆறாத புண். அவளுக்கு மூத்தவன் சுடலைமணிக்கும் இதே கதைதான். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் கரகாட்டம் பார்க்க வேண்டும் என்று அழுதான் என்று ஒரே ஒரு பகல் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாள் சந்தனக்கனி. அன்றைக்கு வந்த புண் ஆறாமலே, எட்டு வயதில் அவனைப் புதைத்தாள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளையைச் சூரியன் ஒரு தடவைகூடப் பார்க்கவிடவில்லை. அப்படியும் கூரை ஓட்டை வழியாகக் கசிந்த வெயில் அவள் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளியை வைத்துவிட்டது. பொழுது அடைந்த பிறகு மட்டும் கையைப் பிடித்து அளத்துக் கரைவரை நடத்திக்கொண்டு போவாள், வருவாள். அவ்வளவுதான் பூரணத்தின் உலகம்.

"ஏட்டி, கையைக் காட்டு!"

"என்னம்மா இந்நேரத்துல வந்திருக்க? அளத்துல யாருக்கும் என்னமும் ஆயிட்டா?"

"கையைக் காட்டுங்கேன்!"

பூரணத்தின் கையிலும் அவர்கள் இருந்தார்கள். எட்டுப் பேர், ஓர் ஆள் குறையவில்லை. தடவிக்கொண்டு நடந்தவன் நடந்தான், மேட்டில் நின்றான், "ஓய்!" என்றான். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வந்து, வெறுங்கையை விரித்துக் காட்டினார்கள். கத்தரி இல்லை. எட்டுப் பேரும் அந்த ஒட்டிக்கிடந்த இடத்தைச் சுற்றி, கயிறு அறுந்த கிணற்றைச் சுற்றி நிற்கிற பெண்பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவன் மறுபடியும் "ஓய்!" என்றான், அப்புறமும் "ஓய்!" என்றான், இந்தப் பதினேழு வருசமும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பான் போல, தொண்டை கட்டியிருந்தது.

சந்தனக்கனி இரண்டு திரைகளையும் இன்னும் இறுக்கி இழுத்து மூடினாள்.

ஊர் என்ன செய்தது என்றால், ஊர் எப்போதும் செய்வதைத்தான் செய்தது, வந்தவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தோலில் வேலை செய்கிறவர்கள் என்பதால் தோலாட்கள் என்று பெயர் வைத்தது. கையில் கொசு கடித்தால் அடிக்கக் கூடாது, ஊதத்தான் வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தது. எதிரில் பார்க்கிறவர்கள் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதோடு "ஆளுவ உள்ள போயாச்சா" என்றும் கேட்கத் தொடங்கினார்கள். ஆட்கள் உள்ளே போகாத கையைக் குலுக்குவது மரியாதைக் குறைவு என்றாகிவிட்டது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே பெண்ணின் முழங்கையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். கொம்பையா தன்னுடைய ஆட்கள்தான் ஊரிலேயே சுறுசுறுப்பு என்று சொல்லிச் சொல்லி, கடைசியில், நிழலிலேயே டீ ஆற்றுகிறவருக்கு அவர்கள் சும்மா உட்கார்ந்து தாயம் ஆடுகிறார்கள் என்று எல்லாரும் பார்த்துவிட்டதால், முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்.

தப்பு நடந்தது வைகாசியில். அளத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வாங்குவதற்காகப் பன்னிரண்டு வருசம் கொடி பிடித்த சங்கம், தன் தோலின்மேல் எட்டுப் பேர் ஓய்வே இல்லாமல் உழைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? கூட்டம் கூடியது. தோலாட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுப்பு என்று ஒரு மனதாகத் தீர்மானம் ஆயிற்று. தர்மக்கண் சட்டைக் கையை மடித்துவிட்டு, தீர்மானத்தைத் தன் கையிடமே உரக்க வாசித்தார். எட்டுப் பேரும் தலையை ஆட்டினார்கள்.

அந்த ஞாயிறு அம்மன் கொடை. ஊரே வெயிலில் நின்று ஆடியது. தோலாட்கள் கத்தரியைக் கீழே போட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை விடிந்தபோது செங்காணிவிளை முழுக்க உரித்த வெங்காயம் மாதிரி இருந்தது. உட்கார முடியாது, படுக்க முடியாது, ஒருவரையொருவர் தொட முடியாது. தர்மக்கண் முதுகில் வாழை இலையைப் போர்த்திக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் தன் கையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சாமிகளா, தெரியாம செஞ்சிட்டோம். உங்களுக்கு லீவு வேணும்னா நாங்கதான் நிழல்ல உக்காரணும்னு இப்பத்தான் விளங்குது."

அன்றைக்கு எழுந்த வழக்கம்தான், அந்த ஊர் அளங்களில் பதினோரு மணிமுதல் மூன்று மணிவரை யாரும் பாத்தியில் கால் வைப்பதில்லை என்பது. அளத்து முதலாளி முதலில் குதித்தார். பிறகு தன் பிடரியில் வேலை செய்கிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, குதிப்பதை நிறுத்திக்கொண்டார்.

அந்த ஒரு ஞாயிறு ஊருக்குச் சுட்ட பிறகுதான் பூரணம் எதில் பிறந்து எதில் வளர்ந்தாள் என்று ஊருக்குத் தெரிந்தது. ஒவ்வொருவராகத் திரையை விலக்கிக்கொண்டு வந்தார்கள். நகை செய்கிற தட்டார் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊசி முனையில் கத்தரி செய்து கொண்டுவந்தார். பூரணத்தின் ஆட்கள் அதைத் தூக்கக்கூட முடியாமல் நாலு பேராகச் சுமந்து திருப்பிக் கொடுத்தார்கள். பெண்கள் தங்கள் கையை அவள் கையோடு சேர்த்து வைத்து, "போங்கய்யா, அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் பாத்துட்டு வாங்க" என்று கெஞ்சினார்கள். அவர்களுடைய ஆட்கள் விரல் நுனிவரை வந்து, எட்டிப் பார்த்து, இது நம் ஏணி இல்லையே என்று தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்கள்.

"விடுங்க அத்தை" என்றாள் பூரணம். "வந்தவங்க எல்லாரும் காலளவு கொடுத்துட்டுப் போங்க. அதுவாவது நடக்கட்டும்."

ஆனியில் ஒரு சாயங்காலம், பொழுது விழுந்ததும், தாயும் மகளும் தெப்பக் கரைக்குப் போனார்கள். உப்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற கெட்டியான தண்ணீர் வந்து தேங்குகிற பெரிய குளம் அது, மாதுளம்பழச் சாறு மாதிரி சிவந்து கிடக்கும். நஞ்சுத் தண்ணி என்பார்கள். விரலில் கீறல் இருந்தால் எரிச்சலில் உயிர் போகும், மீன் கிடையாது, பாசி கிடையாது, யாரும் கால் நனைக்க மாட்டார்கள். அன்றைக்குப் பூரணத்தின் ஆட்கள் எட்டுப் பேரும் அவள் பாதத்தின் ஓரம்வரை இறங்கி வந்து, தண்ணீரைப் பார்த்து, கட்டின தொண்டையோடு "ஓய்!" என்று கூப்பிட்டார்கள். தண்ணீருக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஏட்டி, காலை எடு! நஞ்சு!" என்று கத்தினாள் சந்தனக்கனி.

பூரணம் அதற்குள் முழங்கால்வரை இறங்கியிருந்தாள். ஏறி வந்தபோது அவள் காலில் சிவப்பு ஆட்கள் இருபது முப்பது பேர் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். இவர்களிடமும் கத்தரி இல்லை. வீட்டுக்கு வந்து, அவள் கன்னத்தில் இருந்த கறுப்புப் புள்ளிவரை ஏறி, அங்கே உட்கார்ந்தார்கள். பல்பு வெளிச்சத்தில் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லா வந்து வாச்சிருக்காவ" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சந்தனக்கனி. "இருக்கிற எட்டுக்குக் கத்தரி இல்ல, வந்த முப்பதுக்கு வேலையே தெரியல. சோறு வேற கேப்பாவளோ என்னமோ."

மறுநாள் காலையில் அவள் அளத்துக்குக் கிளம்பினபோது கூரை ஓட்டையை நாலு மடிப்பாக மூடியிருந்த நீலத் தார்ப்பாய்த் துண்டு காற்றில் மடிப்பு விரிந்து, அதன் வழியாக, உள்ளங்கை அகலத்துக்கு நீல வெளிச்சம் ஒன்று பூரணத்தின் கன்னத்தில் விழுந்தது. சந்தனக்கனி கத்திக்கொண்டு பாய்ந்தாள். பாய்ந்தவள் பாதியில் நின்றாள். சும்மா உட்கார்ந்திருந்த சிவப்பு ஆட்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் உள்ளங்கையை விரித்து அந்த நீலத்தை ஏந்தினார்கள், ஏந்தியதை ஒட்டிக்கிடந்த படிகளுக்கு நடுவே வைத்து ஒரு சுண்டு சுண்டினார்கள், டப் என்று, குடைக்கம்பி விரிகிற சத்தம், இரண்டு படியும் பிரிந்து அவையவை தன் எதிர்ப்பக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டன. வெட்டவில்லை, ஒட்டவில்லை, ஒரு படிகூட வீணாகவில்லை. சந்தனக்கனி தார்ப்பாயை மடித்து இழுத்து மூடியதும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வருகிற டாக்டர் பெனிட்டா, பல்பு வெளிச்சத்தில் அந்தக் கன்னத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கறுப்புப் புள்ளி இருந்த இடத்தில் ஓரமாக ஒரு கடுகளவு வெளுத்திருந்தது.

"அந்தத் தெப்பத்துல நிழலுங்கிறதே கிடையாது, பாத்திருக்கீங்களா? வருசம் பூரா அந்த வெயில்ல, அந்த உப்புல உயிரோட இருக்கணும்னா இப்படி ஆளுங்க இருந்தாத்தான் முடியும். மரத்துக்கு இருக்காங்க, மீனுக்கு இருக்காங்க, தவளைக்கு, கோழிக்குக்கூட இருக்காங்க. நம்ம கூட்டந்தான் எந்தக் காலத்துலயோ தொலைச்சிட்டு வந்திருக்கு."

"அப்ப ஏன் டாக்டரம்மா சும்மா உக்காந்திருக்காவ?"

"இவங்களுக்குக் கத்தரியே வெளிச்சந்தாம்மா. வெயில்ல கெடுக்கிறது ஊதாவுக்கும் அப்பால கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு. அது கெடுத்ததைப் பிரிச்சு விடுறது அதே வெயில்ல இருக்கிற நீலம். இருட்டுல வச்சிருந்தா இவங்க வேலை செய்ய மாட்டாங்க." டாக்டர் பலகை அடித்த ஜன்னலைப் பார்த்தார். "பிள்ளைய வெளிச்சத்துக்குக் கொண்டு வரணும்."

"முடியாது" என்றாள் சந்தனக்கனி.

"எம்மா..." என்றார் டாக்டர்.

"ஒண்ண வெளிச்சத்துக்குக் கொண்டுபோயித்தான் மண்ணுக்குள்ள வச்சேன். முடியாதுன்னா முடியாது. நீங்க கெளம்புங்க டாக்டரம்மா."

பூரணம் மெஷினை நிறுத்தினாள். அந்த வீட்டில் அந்த மெஷின் சத்தம் நின்றால் கடிகாரம் நின்ற மாதிரி.

"அண்ணன் போனது வெயில்ல. நான் போறது இருட்டுல. ரெண்டுக்கும் பேரு வேற, அவ்வளவுதான்" என்றாள். "பதினேழு வருசமா என் கையில ஒருத்தன் ஓய் ஓய்ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கான். இப்பத்தான் அவனுக்குப் பதில் சொல்ல ஆள் கிடைச்சிருக்கு. நீ கதவைச் சாத்துதியே?"

சந்தனக்கனி இரண்டு நாள் அளத்துக்குப் போகவில்லை. மூன்றாவது நாள் காலையில் திரைக்கு வெளியே தர்மக்கண்ணின் இருமல் கேட்டது.

"மழைக்காலத்துல உப்பு அம்பாரத்தை மூடுத தார்ப்பாய் நாப்பது இப்பச் சும்மா கெடக்கு. அத்தனையும் நீலம். ரெட்டையா மடிச்சுத் தச்சா கெட்டது உள்ள வராது, நீலம் மட்டும் வருமாம், டாக்டரம்மா வெயில அளக்குத பெட்டிய வச்சுப் பாத்துட்டாவ. உன் வாசல்லருந்து தெப்பம்வரை அறுநூறு காலடி. பந்தல் போட ஆளு ரெடி. தைக்கத்தான் ஆளில்ல."

"ஆள் இருக்கு மாமா" என்றது திரைக்குள்ளிருந்து ஒரு குரல்.

ஒன்பது நாள் தைத்தாள். முன்வாசல் திரை வழியாகத் தார்ப்பாய் உள்ளே போனது, மெஷினுக்கு அடியில் நுழைந்தது, பின்வாசல் திரை வழியாக வெளியே வந்தது. ஒரு வீட்டுக்குள் ஒரு கடல் புகுந்து புறப்படுகிற மாதிரி அந்த நீலம் புகுந்து புறப்பட்டுக்கொண்டே இருந்தது. சந்தனக்கனி ஓரம் பிடித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தையலையும் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

பத்தாவது நாள் காலை ஒன்பது மணிக்கு, பதினேழு வருசத்தில் முதல் தடவையாக, அந்தக் கதவு பகலில் பூரணத்துக்காகத் திறந்தது. பந்தலுக்குள் எல்லாரும் நீலமாக இருந்தார்கள். நீலக் கொம்பையா, நீல டாக்டர், நீலப் பல் தெரியச் சிரிக்கிற தர்மக்கண். பூரணம் ஒவ்வொருவர் காலையும் பார்த்து, "நீங்க ஒன்பதரை அங்குலம் அண்ணாச்சிதான?" என்று அடையாளம் கண்டுபிடித்துக்கொண்டே நடந்தாள். தெப்பத்துக்குள்ளும் நீண்டிருந்த பந்தலுக்கடியில் தாயும் மகளும் கைகோத்துத் தண்ணீரில் இறங்கினார்கள். உப்பு வாருகிற பலகை தாயின் உடம்பில் கீறிய அத்தனை கீறலிலும் நஞ்சுத் தண்ணீர் ஏறி எரிந்தது. சந்தனக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தளவு நின்றாள். கரையேறியபோது பூரணத்தின் உடம்பு முழுக்கச் சிவப்பு ஆட்கள் இருந்தார்கள். அவளுடைய பழைய எட்டுப் பேர் முன்னால் ஓடினார்கள். தடவினார்கள், நின்றார்கள், "ஓய்!" என்றார்கள். ஒவ்வொரு ஓய்க்கும் ஒருவன் வந்தான். டப். டப். டப். மழைக்கு முன்னால் ஒரு தெருவே குடை விரிக்கிற சத்தம்.

அப்போதுதான் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தது. சந்தனக்கனி நூறு தடவை இழுத்துப் பார்த்த தையல் இல்லை, கொம்பையா கட்டிய முடிச்சு அவிழ்ந்தது. ஒரு முழ அகலத்துக்குத் தார்ப்பாய் விலகி, கலப்படமில்லாத வெள்ளை வெயில் நேராகப் பூரணத்தின் கையில் விழுந்தது. சந்தனக்கனி குறுக்கே விழுந்து, தன் உடம்பால் அதை மறைத்து, மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். சிவப்பு ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கட்டுங்கவே, சீக்கிரம்!" என்று தர்மக்கண் கத்தினார். கொம்பையா மூங்கிலில் ஏறிக்கொண்டிருந்தார்.

"எம்மா" என்றாள் பூரணம் மெதுவாக. "மறைக்காத. என் கையில வெயில் பட்டாச்சு. இனி அவியளுக்குத்தான் வெளிச்சம் வேணும், இந்த வெயிலுக்குள்ளயும் நீலம் இருக்குல்லா. பக்கத்துல நில்லு, போதும்."

கூப்பிடுகிறவன் மணிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான். தொண்டை தெளிந்து, சந்தனக்கனியின் முகத்தைப் பார்த்து, "ஓய்!" என்றான்.

சந்தனக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். கையை எடுத்தாள். ஓர் எட்டு நகர்ந்தாள். பின்னால் டப் டப் என்று சத்தம் தொடங்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தாள். காலடியில், உப்பு வெளுத்த தரையில், இத்தனை நேரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த நிழல் இரண்டாகப் பிரிந்திருந்தது: ஒன்று அவளுடையது. பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அதுவரை அந்த ஊர் பகலில் கண்டிராத இன்னொன்று, தன் விரல்களை விரித்து விரித்து எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது.